புது ஜிபிஎஸ் மணிக்கூடு திருகோணமலையில் ஏன் ஏமாற்றுகிறது

டச்பே கடற்கரையிலும் உட்துறைமுக வீதியிலும் காலையில் ஓடுகிறவர்களில் ஒருவருக்குப் புது மணிக்கூடு வந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கட்டியிருப்பவரே கையை நீட்டிக் காட்டுவார். இரண்டு மூன்று கிழமை கழித்து அதே ஆளிடம் கேட்டால் பேச்சு மாறியிருக்கும். பழையதில் ஐந்து கிலோமீற்றர் வந்த வழி இதில் 4.93 என்று வருகிறது. வேகம் குறைந்துவிட்டது. சார்ஜ் முன்புபோல நிற்கவில்லை. வெயிலில் திரையைப் பார்க்கக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவேண்டி இருக்கிறது. கடைசியில் "இவ்வளவு காசு குடுத்து இதுக்கா?" என்று கதை முடியும்.

இந்தப் புகார்களில் ஒரு பகுதி முற்றிலும் நியாயமானது. இன்னொரு பகுதியில் மணிக்கூடு உண்மையைத்தான் சொல்கிறது, கேட்க நமக்குப் பிடிக்கவில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க, புதிய மாடல்கள் எந்தச் சிக்கலைத் தீர்க்கவென்று செய்யப்பட்டன என்று முதலில் பார்க்கவேண்டும். என் கணிப்பில் அந்தச் சிக்கல் திருகோணமலையில் அநேகமாகக் கிடையாது. புதிய மாடல்களில் அதற்காகவும், கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பளிச்சென்று தெரிவதற்காகவும் விட்டுக்கொடுத்த விஷயங்கள்தான் இங்கே ஓடுகிறவனுக்குத் தேவைப்படுகின்றன.

செய்மதியும் சுவரும்

ஜிபிஎஸ் செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சமிக்ஞை வந்துசேர எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்த்து, அதை மணிக்கூடு தூரமாக மாற்றிக்கொள்கிறது. நான்கு செய்மதிகளாவது கிடைத்தால் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். வானொலி அலை வினாடிக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர் வேகத்தில் போவதால், வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே இடம் 300 மீற்றர் பிசகும். இப்படிப்பட்ட கணக்கை, வியர்வையில் நனைந்து முன்னும் பின்னும் ஆடுகிற ஒரு கையில் கட்டியிருக்கும் சின்னப் பெட்டி செய்கிறது என்பதே பெரிய விஷயம். இதை மறந்துவிட்டுத்தான் நாம் எழுபது மீற்றருக்குச் சண்டை பிடிக்கிறோம்.

பிசகு பல வழிகளில் வரும். நகரங்களில் ஓடுகிறவர்களுக்கு மிகப் பெரிய தலையிடி எதிரொலிதான். சமிக்ஞை நேரே வராமல் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் பட்டுத் தெறித்து வந்தால், மணிக்கூடு அந்தக் கூடுதல் பயணத்தையும் தூரமாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். வீதியில் ஓடின ஆளை வரைபடத்தில் பக்கத்து மாடிக்கு மேலே ஏற்றிவிடும். நியூயோர்க், ஹொங்கொங் போன்ற இடங்களில் ஓடுகிறவர்கள் ஆண்டுக்கணக்காக இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார்கள்.

இதற்கு மருந்தாக வந்ததுதான் இரட்டை மீடிறன். பழைய மணிக்கூடுகள் 1575.42 மெகாஹேர்ட்ஸில் வரும் எல்1 சமிக்ஞையை மட்டும் கேட்கும். புதியவை 1176.45 மெகாஹேர்ட்ஸில் வரும் எல்5 சமிக்ஞையையும் சேர்த்துக் கேட்கும். எல்5இல் குறியீட்டுத் துடிப்புகள் பத்து மடங்கு வேகமாக ஓடுகின்றன. எல்1இல் ஒரு துடிப்பின் நீளம் சுமார் 300 மீற்றர், எல்5இல் சுமார் 30 மீற்றர். அங்குலக் கோடு மட்டும் போட்ட அடிமட்டத்துக்கும் மில்லிமீற்றர் கோடு போட்ட அடிமட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரே வந்த சமிக்ஞை எது, தெறித்து வந்தது எது என்று எல்5இல் பிரித்துப் பார்ப்பது சுலபம்.

கொரோஸ் நிறுவனம் 2021இல் வேர்ட்டிக்ஸ் 2 மாடலில் இதைக் கொண்டுவந்தது. 2022இல் கார்மினின் ஃபோரன்னர் 255, 955 மாடல்களும் அப்பிள் வாட்ச் அல்ட்ராவும் வந்தன. அதன் பிறகு, கொஞ்சம் விலை கூடிய ஓட்ட மணிக்கூடு எதை எடுத்தாலும் பெட்டியில் இந்த வசதி பெரிய எழுத்தில் இருக்கும்.

இப்போது டச்பேக்கு வாருங்கள். கிழக்கே கடல், மேற்கே தாழ்ந்த கட்டடங்கள், தலைக்கு மேலே முழு வானம். உட்துறைமுக வீதியிலும் அதே கதைதான், ஒரு பக்கம் தண்ணீர். உப்புவெளியிலிருந்து நிலாவெளிப் பக்கம் ஓடினால் வீதிக்குக் குறுக்கே எட்டிப் பார்ப்பவை பனையும் தென்னையும்தான். மத்திய வீதியில் கடைகள் நெருக்கமாக நிற்கின்றன, ஆனால் அவற்றின் உயரத்துக்கு வானம் மறையாது. எல்1 மட்டும் கேட்கிற ஒரு சாதாரண மணிக்கூட்டுக்கு இதைவிட நல்ல ஊர் தேடவேண்டும். சுவரே இல்லாத இடத்தில் சுவரின் எதிரொலியைத் திருத்துகிற கருவிக்கு என்ன வேலை இருக்கும்?

விதிவிலக்கு உண்டு. பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்து, மான்களைத் தாண்டி, மரங்களுக்குக் கீழே கோணேசர் கோயில் பக்கம் ஏறுகிற வழியில் பழைய மணிக்கூடுகள் தடுமாறும். கோட்டை மதிலும் அடர்ந்த இலையும் பாறைச் சரிவும் அங்கே சேர்ந்து நிற்கின்றன. உவர்மலையின் மர நிழல் வீதிகளிலும் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். தினமும் அந்த வழியில் ஓடுகிறவருக்குப் புது மாடல் கீறுகிற கோடு நேர்த்தியாகத்தான் இருக்கும். ஆனால் கோட்டை ஏற்றத்தில் பேஸ் (ஒரு கிலோமீற்றருக்கு எடுக்கும் நேரம்) பார்த்து ஓடுகிறவர் யார்? அங்கே மூச்சுத்தான் கணக்கு.

எந்த மாடலிலிருந்து எந்த மாடலுக்குப் போனார் என்பதும் முக்கியம். 2018, 2019 அளவில் பல நிறுவனங்கள் சோனியின் ஜிபிஎஸ் சிப்புக்கு மாறின. மின்சாரத்தை மிகக் குறைவாகக் குடிக்கிற சிப் அது. பட்டரி நேரம் கூடியது, ஆனால் கீறுகிற கோடு முந்திய மாடல்களைவிட அலைகிறது என்ற முறைப்பாடும் அப்போதே எழுந்தது. புதியது பழையதைவிட மோசம் என்று சொல்ல நியாயம் இருந்த காலம் அது. அந்தத் தலைமுறையின் ஃபோரன்னர் 245இலிருந்து 255க்குப் போனவர் முன்னேற்றத்தைக் கண்ணால் பார்த்திருப்பார். 255இலிருந்து 265க்கோ 570க்கோ போனவர் ஜிபிஎஸ்ஸில் எதையும் காணமாட்டார், ஏனென்றால் மூன்றிலும் இரட்டை மீடிறன் உண்டு. விளம்பரம் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்லும்.

சுருங்கிப்போன ஐந்து கிலோமீற்றர்

சரி, அந்த 4.93 எங்கிருந்து வந்தது?

நேர்கோட்டில் ஓடுகிற ஒருவரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மீற்றர் இடமாகவோ வலமாகவோ தள்ளி விழுகிறது என்று வைப்போம். அந்தப் புள்ளிகளை இணைத்தால் கோடு நெளிந்து நெளிந்து போகும். நெளிந்த கோடு நேர்கோட்டைவிட நீளமாகத்தான் இருக்கும், ஒருபோதும் குறுகாது. அதனால் டச்பே போன்ற நேர் வழியில், கொஞ்சம் பிசகுகிற மணிக்கூடு தூரத்தைக் கூட்டியே காட்டும். பிசகைக் குறைத்த மணிக்கூடு குறைத்துக் காட்டும். முப்பது நிமிடத்தில் ஐந்து கிலோமீற்றர் என்றால் பேஸ் ஆறு நிமிடம். அதே முப்பது நிமிடத்துக்கு 4.93 என்றால் ஆறு நிமிடம் ஐந்து வினாடி. ஆள் அதே ஆள்தான். அவருக்கு இத்தனை நாளும் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த ஐந்து வினாடியைத் துல்லியம் கூடிய கருவி பறித்துக்கொண்டது. ஏமாற்றம் என்று சொல்லப்படுவதில் கணிசமான பங்கு இதுதான் என்பது என் எண்ணம்.

வளைந்து வளைந்து போகும் ஒழுங்கைகளில் இது தலைகீழாகும். சில பழைய மணிக்கூடுகள் நினைவிடத்தை மிச்சப்படுத்த ஒவ்வொரு வினாடியும் புள்ளி வைக்காமல், திசையோ வேகமோ மாறும்போது மட்டும் வைக்கும். மூலைகள் வெட்டுப்பட்டுத் தூரம் குறையும். அங்கே புதியது கூடுதலாகக் காட்டும். ஆகவே, நண்பர்கள் இருவரின் மணிக்கூடுகள் ஒரே ஓட்டத்தில் வேறு வேறு தூரம் காட்டினால், எது சரி என்று அந்த இரண்டையும் மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பழையதன்மேல் நமக்கு இருக்கிற நம்பிக்கை, அதை நீண்ட நாள் கட்டியிருந்தோம் என்பதால் வந்தது. அதை யாரும் அளந்து பார்த்ததில்லை.

அளந்து பார்க்க நினைத்துச் சிலர் கிண்ணியாப் பாலத்துக்குப் போவார்கள். 396 மீற்றர், மேலே வெறும் வானம், நீளமும் எல்லோருக்கும் தெரிந்தது. யோசனை நல்லதுதான், ஆனால் தூரம் போதாது. இரண்டு முனையிலும் மூன்று மூன்று மீற்றர் பிசகினாலே ஒன்றரை வீதம் பிழை வந்துவிடும். வாகனங்கள் போகிற பாலத்தில் அங்குமிங்கும் திரும்பித் திரும்பி ஓடுவதும் புத்தியான வேலை இல்லை. ஒழுங்காகக் கோடு போட்ட 400 மீற்றர் தடகளப் பாதை கிடைத்தால் அது போதும். முதலாம் பாதையில் உள் விளிம்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி அளந்தால்தான் 400 வரும். இரண்டாம் பாதைக்கு மாறினால் ஒரு சுற்று ஏறத்தாழ 407 மீற்றர். பத்துச் சுற்று ஓடிவிட்டு "எழுபது மீற்றர் கூடக் காட்டுது" என்று மணிக்கூட்டைத் திட்டுகிறவர், தான் எந்தப் பாதையில் ஓடினார் என்று முதலில் பார்க்கவேண்டும்.

போட்டிகளில் வரும் கோபத்துக்கும் இதே மாதிரி ஒரு காரணம் இருக்கிறது. முறைப்படி அளந்த மரதன் வழியில் 42.195 கிலோமீற்றருக்கு மேலே ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 42 மீற்றர், வேண்டுமென்றே சேர்ப்பார்கள். வழி குறைந்துபோய்ச் சாதனைகள் செல்லாமல் போகக்கூடாது என்பதற்காக. அளக்கும்போது ஒவ்வொரு வளைவிலும் மிகக் குறுகிய கோட்டைப் பிடித்து அளப்பார்கள். ஓடுகிற யாரும் அந்தக் கோட்டில் ஓடுவதில்லை. மணிக்கூடு 42.5 காட்டினால் அமைப்பாளரையும் திட்டத் தேவையில்லை, மணிக்கூட்டையும் திட்டத் தேவையில்லை.

முதல் ஓட்டத்தை வைத்து முடிவு கட்டுவதும் அநியாயம். செய்மதிகள் எங்கே இருக்கும் என்ற முன்கணிப்புக் கோப்பைப் புது மணிக்கூடுகள் போன் வழியாக இறக்கிக்கொள்கின்றன. அது இருந்தால் சில வினாடியில் இடம் பிடிபடும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்து மாமா பையில் வைத்துக் கொண்டுவந்த மணிக்கூட்டுக்குத் தான் கடைசியாக இருந்த இடம் என்று தெரிந்தது அந்த ஊர்தான். போனோடு இணைக்காமல் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கட்டிக்கொண்டு ஓடினால், தலைக்கு மேலே இல்லாத செய்மதிகளைத் தேடித் திணறும். இணைத்துவிட்டு, வெளியே வந்து ஓரிரு நிமிடம் அசையாமல் நின்று தொடங்கினால் முதல் கிலோமீற்றரில் வரும் கிறுக்குத்தனம் பெரும்பாலும் போய்விடும்.

கடலுக்குள் ஓடின கோடு

வேறொரு புகார் மாலையில் ஓடுகிறவர்களிடமிருந்து வரும். வரைபடத்தில் பார்த்தால் கோடு முழுதாகக் கடலுக்குள் தள்ளி நிற்கும். காலையில் அப்படி இல்லை.

இதற்கு மாடல் பொறுப்பில்லை, நாம் இருக்கும் இடம்தான் பொறுப்பு. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்திய முனையையும் இலங்கையையும் ஒட்டிப் போகிறது. கேரளத்தின் தும்பாவில் 1963 நவம்பர் 21ஆம் திகதி இந்தியா தன் முதல் ஆய்வு ரொக்கட்டை ஏவியதற்கு அந்த இடத்தைத் தேர்ந்ததே இந்தக் காரணத்துக்காகத்தான். மேல் வளிமண்டலத்தில் மின்னேற்றம் பெற்ற அயன் மண்டலத்தின் விசித்திரங்களைக் காந்த நடுக்கோட்டுக்கு மேலே நன்றாக ஆராயலாம். விஞ்ஞானிக்கு வாய்ப்பாக இருப்பது ஜிபிஎஸ்ஸுக்குத் தொந்தரவு. அந்த மண்டலத்தைக் கடக்கும்போது சமிக்ஞை தாமதப்படும். பகலில் சூரியன் அதைத் தடிப்பாக்கும். சூரியன் மறைந்த பிறகு அது குமிழிகளாக உடைந்து சமிக்ஞையைப் படபடக்க வைக்கும். இந்தப் பகுதியில் மார்ச், செப்டெம்பர் மாதங்களை ஒட்டிய இரவுகளில் அது கூடுதல். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியில் உச்சக் கட்டம் வந்தால் இன்னும் கூடும். அந்த உச்சக் கட்டத்துக்குச் சூரியன் வந்துவிட்டதை 2024இல் அறிவித்தார்கள். அந்த ஆண்டில் புது மணிக்கூடு வாங்கி இரவு ஏழு மணிக்கு ஓடினவர், பழைய மணிக்கூட்டின் அமைதியான ஆண்டுகளோடு அதை ஒப்பிட்டால் புதியது தோற்கத்தான் செய்யும்.

கோடு தள்ளிப்போவதையும் தூரம் பிழைப்பதையும் ஒன்றாக்கக் கூடாது. அயன் மண்டலத் தாமதம் மெதுவாக மாறுவதால் எல்லாப் புள்ளிகளும் ஏறத்தாழ ஒரே பக்கம், ஒரே அளவு தள்ளும். படத்தில் நீங்கள் அலைமேல் ஓடியிருப்பீர்கள், கிலோமீற்றர் சரியாகத்தான் இருக்கும். இரண்டு மீடிறன்களில் தாமதம் இரண்டு அளவாக இருக்கும் என்பதால், இரண்டையும் கேட்கிற கருவி அந்தத் தாமதத்தைக் கணக்கிட்டுக் கழிக்க முடியும். கொள்கையளவில் எங்கள் ஊரில் இரட்டை மீடிறனுக்கு இருக்கக்கூடிய உண்மையான பயன் இதுதான். விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை, அவற்றில் எப்போதும் வானளாவிய கட்டடம்தான்.

வெளிச்சத்துக்கு விலை

நியாயமான பகுதிக்கு இப்போது வரலாம்.

கார்மினின் நடுத்தர வரிசையை எடுத்துக்கொள்வோம், இங்கே பலர் கையில் இருப்பது அதுதான் என்பதால். ஃபோரன்னர் 255 (2022) ஒரு முறை சார்ஜ் செய்தால் ஜிபிஎஸ்ஸோடு 30 மணி நேரம் ஓடும் என்று நிறுவனமே சொன்னது. 265 (2023) வந்தபோது அது 20 மணி நேரமானது. 570இன் (2025) பெரிய அளவு மாடலில் 18 மணி நேரம். சும்மா கட்டியிருந்தால் 14 நாள், 13 நாள், 11 நாள் என்று அதே வரிசையில் இறங்குகிறது. மேல் வரிசையிலும் 965இன் 23 நாள், 970இல் 15 நாளாகிவிட்டது. பெயரில் இலக்கம் ஏற ஏறப் பட்டரி இறங்குகிறது.

பெரும் காரணம் திரை. 255இல் இருந்தது எம்ஐபி எனப்படும் வகை. அது தன்மேல் விழும் வெளிச்சத்தையே திருப்பி அனுப்பிக் காட்டும். வெயில் கூடக் கூடத் தெளிவு கூடும், படம் மாறாதவரை மின்சாரம் அநேகமாகச் செலவாகாது. 265இலிருந்து வந்தது அமோலெட். ஒவ்வொரு புள்ளியும் தானே எரிய வேண்டும். கடைக்குள் நிறங்கள் பளபளக்கும், இரவில் அருமையாக இருக்கும். டச்பேயில் சூரியன் நேரே கடலிலிருந்து எழுந்து முகத்தில் அடிக்கிற ஆறரை மணிக்கு அது சூரியனோடு போட்டி போடவேண்டும். போட்டி போடப் பட்டரியைத் தின்னும். மிச்சம் பிடிக்கத் திரையை அணைத்துவைத்தால், பேஸ் பார்க்க ஒவ்வொரு முறையும் கையை உயர்த்தித் திருப்பவேண்டும். வேக இடைவெளிப் பயிற்சியில் அந்த அரை வினாடித் தாமதம் எரிச்சலைக் கிளப்பும்.

திரைத் தெரிவு வடக்கு நாடுகளின் இருட்டான குளிர்காலக் காலைகளுக்குப் பொருந்தும். ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கிற, மார்ச் 2022இன் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட ஒரு நாட்டில் எனக்கு எம்ஐபி திரைதான் சரி. வயது போன கண்களுக்கு அமோலெட்டின் எழுத்துக் கூர்மை நன்றாக இருக்கிறது என்று ஓடும் நண்பர் ஒருவர் சொல்கிறார். அதுவும் உண்மைதான், மறுக்கவில்லை.

இதயத் துடிப்பு விஷயத்தில் வேறு விதமான ஏமாற்றம். மணிக்கட்டின் அடியில் மினுங்கும் பச்சை ஒளி இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது. தோலின் மெலனின் அந்தப் பச்சை ஒளியை உறிஞ்சும். வியர்வை நடுவில் வழுக்கும். பட்டி தளர்ந்தால் கை ஆடும் தாளத்தையே துடிப்பு என்று பிடித்துக்கொள்ளும். ஓட்டத்தில் காலடிகள் நிமிடத்துக்கு 160, 170 என்று விழுவதால், மெதுவாக ஓடுகிறவரின் துடிப்பும் 170இல் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு புது மாடலிலும் உணரி கொஞ்சம் முன்னேறுகிறது, ஆனால் இந்தப் பௌதிகம் மாறாது. துடிப்பை வைத்துப் பயிற்சி செய்கிறவருக்கு, நெஞ்சில் கட்டும் பட்டி ஒன்று பழைய மணிக்கூட்டோடு சேர்ந்தாலே புது மாடலைவிட நம்பகமான எண்ணைத் தரும்.

அந்த எண்ணின்மேல்தான் மற்ற எல்லாமே கட்டப்பட்டிருக்கின்றன. ஒட்சிசன் கொள்ளளவு (உடம்பு உச்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசனின் அளவு), பயிற்சித் தயார்நிலை, "பயன் தராத பயிற்சி" என்று காலையிலேயே மனதை உடைக்கும் அறிவிப்பு எல்லாம். இவற்றின் அடிப்படைக் கணக்குகளை எழுதிய ஃபேர்ஸ்ட்பீட் பின்லாந்து நிறுவனம், 2020இல் கார்மின் அதை வாங்கியது. கணக்கில் வெப்பத்துக்குத் திருத்தம் இருக்கிறது, 22 பாகை செல்சியஸுக்கு மேலே போனால் அது வேலை செய்யும். திருகோணமலையில் மார்கழி விடியற்காலையிலும் 22க்குக் கீழே போவது அரிது. அதாவது இங்கே ஓடுகிற ஒவ்வொரு ஓட்டமும் அந்தத் திருத்தத்தின்மேல் சாய்ந்து நிற்கிறது. வெப்பநிலையை மணிக்கூடு எடுப்பது போனில் வரும் வானிலைத் தகவலிலிருந்து. போன் இணையாத நாளில் திருத்தமும் இல்லை. கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் உங்கள் ஒட்சிசன் கொள்ளளவு இரண்டு புள்ளி இறங்கினால், உடம்பு கெட்டுவிட்டது என்று உடனே முடிவெடுக்காதீர்கள். வெயிலில் தோலைக் குளிர்விக்க இரத்தம் போவதால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கிறது, அவ்வளவுதான். புது மாடலில் இப்படிப்பட்ட மதிப்பெண்கள் கூடக் கூடத் திட்டு வாங்கும் வாய்ப்பும் கூடுகிறது.

மென்பொருளைப் பற்றி நீட்டத் தேவையில்லை. சந்தைக்கு வந்த முதல் மாதங்களில் எந்த மாடலிலும் குறைகள் இருக்கும், திருத்தங்கள் வரும். பழைய மாடலும் தப்பாது. 2025 ஜனவரி 28ஆம் திகதி பல கார்மின் மாடல்கள் ஒரு நீல முக்கோணத்தோடு உறைந்துபோயின, அணைத்துத் திரும்ப இயக்கித்தான் மீட்கவேண்டி இருந்தது. 2020 ஜூலையில் அந்த நிறுவனத்தின் கணினிகள் கப்பத் தாக்குதலுக்கு உள்ளாகிப் பல நாள் சேவை நின்றது. மணிக்கூடுகள் ஓட்டத்தைப் பதிந்துகொண்டுதான் இருந்தன, அதைச் செயலிக்கு ஏற்ற முடியாமல் மக்கள் தவித்தார்கள். 2025 மார்ச்சில் மாதக் கட்டணச் சேவை ஒன்றும் தொடங்கியது. காசு கொடுத்து வாங்கின பொருளுக்கு மேலே இன்னும் காசு என்பது, டொலரில் சம்பளம் எடுக்காத யாருக்கும் உறுத்தும்.

டொலரும் மாமாவும்

அந்த உறுத்தலை இலங்கையில் இருந்து பார்த்தால்தான் முழு அளவு தெரியும். ஃபோரன்னர் 245 வந்தபோது, 2019இல், 300 டொலர். 255க்கு 350. 265க்கு 450. 570க்கு 550. ஆறு ஆண்டில் ஒரே வரிசையின் விலை இரட்டிப்பை நெருங்கிவிட்டது. அதே காலத்தில் ரூபாய் என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2019இல் ஒரு டொலர் 180 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. 2022இல் 360ஐத் தொட்டு, பிறகு இறங்கி 300 அளவில் நின்றது. அப்படியானால் 245 வந்தபோது ஏறத்தாழ 53,000 ரூபாய், 2025இல் 570 வந்தபோது ஏறத்தாழ 165,000 ரூபாய். வரியும் விற்பவரின் இலாபமும் சேராத கணக்கு இது. அமெரிக்காவில் இருக்கிறவர் இரட்டிப்புக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுக்கிறார், நாம் மூன்று மடங்குக்கு மேலே கொடுக்கிறோம். மூன்று மடங்கு கொடுத்தவன் மூன்று மடங்கு எதிர்பார்ப்பதில் என்ன பிழை? அந்த 570இல் வரைபடமும் கிடையாது, அது வேண்டுமென்றால் 750 டொலரின் 970க்குப் போகவேண்டும்.

ஆகவே பலருக்கு இது வெளிநாட்டு உறவின் வழியாகவே வருகிறது. விலை கொஞ்சம் மிச்சம், ஆனால் சிக்கல் வேறிடத்தில் முளைக்கிறது. பட்டன் ஒன்று வேலை செய்யாமல் போனால் உத்தரவாதத்துக்காக மணிக்கூடு திரும்ப ரொறன்ரோவுக்குப் பயணம் போகவேண்டி வரலாம். ஒரு பரிசைப் பற்றிக் குறை சொல்லவும் வாய் வராது. மாமா தொலைபேசியில் "எப்படி மணிக்கூடு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டு, காலையில் டச்பேயில் வந்து எங்களிடம் கொட்டுவார்கள்.

வாங்க நினைக்கிறவர் என்னிடம் கேட்டால், பழையது இன்னும் ஓடுகிறதா என்றுதான் முதலில் கேட்பேன். ஓடுகிறதென்றால் அதை நல்ல தண்ணீரில் கழுவி, சார்ஜ் ஏறும் பொட்டுகளில் படியும் உப்பைத் துடைத்து வைத்திருந்தாலே இன்னும் கொஞ்சக் காலம் போகும். கடல் காற்றும் வியர்வையும் அந்தப் பொட்டுகளை அரிப்பதால், சார்ஜ் ஏறவில்லை என்று கைவிடுகிற மணிக்கூடுகளில் சில வெறும் அழுக்கால் நின்றவை. பட்டரி உண்மையிலேயே செத்துவிட்டால், அல்லது 2019 காலத்து மாடல் கோட்டையைச் சுற்றும்போது அலைந்தால், மாறலாம். அப்போதும் புத்தம் புதியதற்குப் போகத் தேவையில்லை. எம்ஐபி திரையும் இரட்டை மீடிறனும் ஒன்றாக இருக்கிற 255 போன்ற ஒன்று பாவித்ததாகவோ மலிவு விலையிலோ கிடைத்தால், இந்த ஊர் வெயிலுக்கும் வானத்துக்கும் அது 570ஐவிடப் பொருந்தும் என்பேன். பாவித்ததை வாங்கினால் ஜிபிஎஸ்ஸைப் போட்டு ஒரு மணி நேரம் நடந்து பட்டரி எத்தனை வீதம் இறங்குகிறது என்று பாருங்கள். 30 மணி நேரம் என்று சொல்லப்பட்டது மூன்று நான்கு வீதம் இறங்கினால் நல்லது. எட்டு வீதத்துக்கு மேலே இறங்கினால் விலையைப் பற்றித் திரும்பப் பேசவேண்டும்.